வந்தவர்களின் கடற்கரை

இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள பிரைட்டன் நகரில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் எங்களுக்கு அவ்வப்போது நீண்ட கடிதங்கள் எழுதுவார். திருவொற்றியூர்த் தேரடிக்கு அருகில் பிறந்து வளர்ந்தவர் அவர். மணலே இல்லாத கடற்கரையைக் கண்டு திகைத்த கதையை முதல் கடிதத்தில் எழுதியிருந்தார். கரை முழுவதும் கூழாங்கல். செருப்பில்லாமல் நடந்தால் பாதம் போய்விடும். அதன்மேல் துண்டை விரித்துப் படுத்து வெள்ளைக்காரர்கள் வெயில் காய்கிறார்கள். அடுத்த கடிதத்தில், அவர் கையிலிருந்த உருளைக்கிழங்கு வறுவலைக் கடற்காகம் ஒன்று பொட்டலத்தோடு தூக்கிக்கொண்டு போயிற்று. அதற்கடுத்த கடிதம் முழுவதும் ஓர் ஆராய்ச்சி: கைகழுவும் தொட்டியில் சுடுநீருக்கு ஒரு குழாயும் குளிர்ந்த நீருக்கு ஒரு குழாயுமாக ஏன் தனித்தனியே வைத்திருக்கிறார்கள்? ஒன்றில் கை வெந்துவிடுகிறது, மற்றதில் விறைத்துவிடுகிறது. எங்கள் மாதக் கூட்டத்தில் ஒருவர் இவற்றை உரக்கப் படிக்க, மற்றவர்கள் கேட்போம். சிரிப்புக்குக் குறைவிருக்காது.

சென்ற கூட்டத்திலும் அப்படித்தான் சிரித்தோம். கடிதம் முடிந்ததும் எங்களில் மூத்தவர் ஒரு கேள்வி கேட்டார். எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் 35 ஆண்டுகள் கடைசல் இயந்திரத்தின் முன் நின்று ஓய்வுபெற்றவர். "எல்லாம் சரி தம்பிங்களா. வெளியூர்லேர்ந்து நம்ம ஊருக்கு வந்தவன் எவனாவது இந்த மாதிரி சிரிக்கச் சிரிக்க எழுதியிருக்கானா?"

"நம்ம ஊருக்கு யாருண்ணே வரப்போறாங்க?" என்று எங்களில் இளையவர் சட்டென்று சொல்லிவிட்டார்.

அப்போது ஜன்னலுக்கு வெளியே, தலைக்கவசத்தைக் கையில் பிடித்தபடி ஏழெட்டு இளைஞர்கள் எங்களுக்குப் புரியாத மொழியில் பேசிக்கொண்டு போனார்கள். வேலை முடிந்து திரும்புகிறவர்கள். மூத்தவர் ஒன்றும் சொல்லவில்லை. அவர்களைப் பார்த்தார், பிறகு எங்களைப் பார்த்தார். இந்தக் கட்டுரை அந்தப் பார்வைக்கு நாங்கள் சொல்ல முயலும் பதில்.

எங்கள் கருத்தைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறோம். அயலூர் வாழ்க்கையைப் பற்றிய எழுத்து என்றால், இங்கிருந்து போனவர் எழுதுவது என்று தமிழ் இலக்கியச் சூழலில் நாம் பழகிவிட்டோம். இங்கே வந்தவரின் அன்றாடம் நமக்கு எழுத்தாகத் தோன்றுவதில்லை. செய்தியாகவோ புகாராகவோதான் தோன்றுகிறது. ராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான இந்தக் கடற்கரை அளவுக்கு வெளியாட்களால் ஆன நிலம் தமிழகத்தில் அதிகம் இல்லை. இருந்தும் வந்தவர்கள் எழுதிய பக்கம் நம் மொழியில் ஏறக்குறைய வெறுமையாகவே கிடக்கிறது. இது நம் வாசிப்பின் குறை என்றே நினைக்கிறோம்.

*

முதலில் நம்மிடம் ஏற்கெனவே இருப்பதைப் பார்ப்போம். சென்னையும் ஒரு காலத்தில் ஆங்கிலக் கடற்கரை நகரம்தான். அங்கே வந்து வாழ்ந்த ஆங்கிலேயர்கள் தங்கள் அன்றாடச் சாகசங்களைச் சளைக்காமல் எழுதினார்கள். ஜூலியா மெய்ட்லண்ட் என்ற பெண்மணி 1836ஆம் ஆண்டின் இறுதியில் இங்கே வந்திறங்கினார். நீதித்துறை அதிகாரி ஒருவரின் மனைவி. 1839 வரை அவர் வீட்டாருக்கு எழுதிய கடிதங்கள், எழுதியவர் பெயரைச் சொல்லாமல் 1843இல் லண்டனில் நூலாக வந்தன. நம் நண்பரின் கடிதங்களைப் படிப்பவர்களுக்கு அந்தக் கடிதங்களின் சுவை உடனே பிடிபடும். வேலைக்காரர்களின் ஆங்கிலம், வெயில், பூச்சிகள், விருந்துகளின் சலிப்பு, தன் நாட்டவரின் அசட்டு மிடுக்கு என எல்லாவற்றையும் அவர் கூர்மையாகக் கிண்டல் செய்தார்.

அந்நாளைய வெள்ளைக்காரர் எழுத்தில் தவறாமல் வரும் ஒரு காட்சி உண்டு. அது சென்னையில் கரையேறுவது. அப்போது இங்கே துறைமுகம் இல்லை. கப்பல்கள் தொலைவில் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். கரைக்கும் கப்பலுக்கும் நடுவே அடுக்கடுக்காக உடையும் அலைகள். ஐரோப்பியப் படகுகள் அந்த அலையில் நொறுங்கிவிடும். ஆணி அடிக்காமல் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துக் கட்டிய மசூலா படகு மட்டும் அலை அடிக்கும்போது வளைந்து கொடுத்துக் கரை சேரும். படகு கவிழ்ந்தால் விழுந்தவர்களைத் தூக்குவதற்கு அருகிலேயே கட்டுமரங்கள் வரும். கரை தட்டியதும் பயணிகளைத் தோளிலோ நாற்காலியிலோ சுமந்து மணலில் இறக்குவார்கள். இந்தியாவில் அவர்களுடைய முதல் சாகசம் அது. வீட்டுக்குப் போன முதல் கடிதத்தில் அது இடம்பெறாமல் போவது அரிது.

அந்தப் படகுகளை ஓட்டியவர்கள் இந்தக் கரையின் படகோட்டிகளும் மீனவர்களும். ராயபுரத்தில் இன்றும் நிற்கும் இராயப்பர் ஆலயம் படகுத் தொழில் செய்த மக்கள் எழுப்பியது. அந்த ஊரின் பெயரே இராயப்பரால் வந்தது என்பார்கள். வெள்ளைக்காரர்களின் கடிதங்களில் இவர்கள் வருகிறார்கள், ஆனால் பெயரில்லாமல். பாடுகிறார்கள், கூச்சலிடுகிறார்கள், காசுக்குப் பேரம் பேசுகிறார்கள். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அலையைக் கடக்கும் ஒரு பெண்ணுக்கு, அலையின் கணக்கை அறிந்து துடுப்புப் போடுகிற மனிதன் கடற்காட்சியின் ஒரு பகுதியாகத் தெரிந்ததில் வியப்பில்லை. நம் நண்பரின் கடிதத்தில்கூட வறுவலைப் பறித்துச் சென்ற கடற்காகத்துக்குக் குணம் உண்டு. வறுத்துக் கொடுத்தவனுக்கு முகம் இல்லை. சாகசம் எழுதுகிற கண்ணின் இயல்பு அது.

படகோட்டிகளின் பக்கத்திலிருந்து அந்த நாட்களின் கடிதம் ஒன்று கிடைத்திருந்தால்! அலையில் நனைந்து, தொப்பி பறந்து, குழந்தையைப்போல் தோளில் தொற்றிக்கொண்டு கரை சேர்ந்த துரைமார்களைப் பற்றி அன்றிரவு குப்பத்தில் எப்படிச் சிரித்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கலாம். அது எழுதப்படவில்லை. ஆகவே நாம் இழந்தோம்.

*

கரையேறும் சாகசத்துக்கு முடிவு கட்டத் துறைமுகம் வந்தது. 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டினார். 1881 நவம்பரில் அடித்த புயல், கட்டியதில் பெரும்பகுதியைக் கொண்டுபோயிற்று. மீண்டும் கட்டினார்கள். அதன் விளைவைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூட இரண்டு வரியில் சொல்லிவிடலாம். இந்தக் கரையோரம் கடல் ஆண்டின் பெரும்பகுதி மணலைத் தெற்கிலிருந்து வடக்காக நகர்த்திக்கொண்டே இருக்கிறது. துறைமுகச் சுவர் அந்த மணலைத் தடுத்தது. சுவருக்குத் தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து அகன்ற கடற்கரை உண்டாயிற்று. வடக்கே வர வேண்டிய மணல் வராமல் கடல் கரையைத் தின்றது.

தெற்கே சேர்ந்த மணலுக்கு ஆளுநர் கிராண்ட் டஃப், இத்தாலிய நினைவில் மெரினா என்று பெயரிட்டார். வடக்கே போன மணலுக்கு யாரும் பெயர் வைக்கவில்லை. ராயபுரத்திலும் காசிமேட்டிலும் திருவொற்றியூர்க் குப்பங்களிலும் தெருத்தெருவாகக் கடலுக்குள் போயின. இன்று எண்ணூர் விரைவுச்சாலையோரம் குவிந்து கிடக்கும் பாறாங்கற்கள் அதன் மிச்சக் கதை. நம் நண்பர் பிரைட்டனில் மணல் இல்லையே என்று வியந்து எழுதியபோது எங்களில் ஒருவர், "இவன் வீட்டுக்கு எதிரே மட்டும் என்ன இருக்குதாம், மணலா?" என்று கேட்டார். உண்மைதான். அயலூர்க் கல் கண்ணில் பட்ட அளவுக்குச் சொந்த ஊர்க் கல் படவில்லை.

இங்கே திருவொற்றியூர்க்காரர்களுக்குத் தெரிந்த ஒரு புராணம் நினைவுக்கு வருகிறது. திருநாவலூரிலிருந்து வந்த சுந்தரர் இவ்வூரில் சங்கிலி நாச்சியாரை மணக்கும்போது, ஊரைவிட்டுப் போகமாட்டேன் என்று மகிழ மரத்தடியில் சத்தியம் செய்தார். ஆரூர் நினைவு வந்து எல்லையைத் தாண்டியதும் கண்ணொளி போயிற்று. வெளியூர் மாப்பிள்ளைக்கு ஊர் வைத்த நிபந்தனை என்று எங்கள் மூத்தவர் இதைக் கேலியாகச் சொல்வார். போனவனுக்குக் கண் போகும் என்பதை நாங்கள் நம்பவில்லை. ஊரைவிட்டு அசையாத எங்களுக்குக் கண் எவ்வளவு தெரிகிறது என்பதுதான் கேள்வி.

*

வந்து தங்கியவர்களைப் பார்ப்போம். ராயபுரத்தில் பார்சிகளின் தீக்கோயில் இருக்கிறது. இறந்துபோன மகனின் நினைவாகக் கிளப்வாலா குடும்பத்தார் எழுப்பியது. 1910 முதல் அங்கே தீ அணையாமல் காக்கப்படுகிறது. ஈரானை விட்டுக் குஜராத் வந்து, அங்கிருந்து கிளை பிரிந்து இந்தக் கடற்கரையை அடைந்த ஒரு சிறு கூட்டம். தங்கள் சாவுக்கும் வழிபாட்டுக்கும் ஓர் இடம் தேடிய அந்த வாழ்க்கையைப் பற்றித் தமிழில் ஒரு நல்ல கதையை நாங்கள் இன்னும் படித்ததில்லை. படித்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள், நன்றியுடன் படிப்போம்.

அடுத்து, பர்மாவிலிருந்து வந்தவர்கள். 1962இல் நே வின் ஆட்சியைப் பிடித்து, அடுத்த இரண்டு ஆண்டுகளில் கடைகளும் தொழில்களும் நாட்டுடைமையானபோது, தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த தமிழர்கள் கையில் எடுக்க முடிந்ததை எடுத்துக்கொண்டு கப்பலேறினார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் தமிழகம் வந்தார்கள். வியாசர்பாடியிலும் எண்ணூரிலும் அவர்களுக்குக் குடியிருப்புகள் உண்டாயின. எண்ணூரில் பர்மா நகர் என்ற பெயர் இன்றும் நிற்கிறது. 1969இல் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே நடைபாதையில் பர்மா பஜார் எழுந்தது. இன்று வடசென்னை இளைஞர்கள் மாலையில் வரிசையில் நின்று சாப்பிடும் அத்தோவும் மொய்ங்காவும் அவர்கள் கொண்டுவந்தவை.

நினைத்துப் பார்த்தால் இது விசித்திரமான அயல்வாழ்வு. தாய்நாடு என்று சொல்லப்பட்ட இடத்தில் அவர்கள் அயலார். பேச்சில் பர்மியச் சொல் கலந்திருந்தது. லுங்கி கட்டும் விதம் வேறாக இருந்தது. சாப்பாட்டில் புளிப்பும் வாசமும் வேறு. ஊர்க்காரன் சிரித்திருப்பான். அவர்களும் ஊர்க்காரனைப் பார்த்துத் தங்களுக்குள் சிரித்திருப்பார்கள். போனதையும் அங்கே வாழ்ந்ததையும் திரும்பியதையும் பற்றித் தமிழில் செல்வம் இருக்கிறது. 1942இல் போருக்குத் தப்பிப் பர்மாவிலிருந்து நடந்தே வந்ததை வெ. சாமிநாத சர்மா பதிவு செய்தார். ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' மேடானையும் பினாங்கையும் நம் தெருக்களாக்கியது. அயோவாவில் ஒரு குளிர்காலத்தில் வழிதெரியாமல் விழிப்பதைக்கூட அசோகமித்திரன் 'ஒற்றன்' நாவலில் இலக்கியமாக்கினார். ஆனால் எண்ணூர் உப்புக்காற்றில் முகாம் வீட்டுக்கு வந்து, பக்கத்து வீட்டாரிடம் தண்ணீர் கேட்கும்போது எந்தத் தமிழில் கேட்பது என்று தயங்கி நின்ற பெண்ணின் முதல் வாரத்தை நாம் எங்கே படித்தோம்? அந்தத் தலைமுறை இப்போது எண்பதைத் தாண்டிக்கொண்டிருக்கிறது.

மனிதர்களைவிடப் பொருள்கள் இங்கே எளிதாகக் குடியேறிவிடுகின்றன என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. இங்கிலாந்தின் ரெடிட்ச் நகரில் செய்துவந்த என்ஃபீல்டு புல்லட் வண்டி, 1955 வாக்கில் ஒரு கூட்டு நிறுவனமாகத் திருவொற்றியூருக்கு வந்தது. 1970 வாக்கில் இங்கிலாந்தில் அந்த நிறுவனம் மூடப்பட்டது. திருவொற்றியூரில் மட்டும் புல்லட் பிறந்துகொண்டிருந்தது. 1977இல் அதை இங்கிருந்து இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்யத் தொடங்கினார்கள். அந்த வண்டியை இன்று யாரும் வந்தேறி என்பதில்லை. தடதடவென்ற அந்தச் சத்தம் நம் ஊர்ச் சத்தம் ஆகிவிட்டது. ஒரு எந்திரத்துக்குக் கொடுத்த குடியுரிமையை நாம் ஏன் ஆட்களுக்குக் கொடுக்கத் தயங்குகிறோம்?

*

இப்போது ஜன்னலுக்கு வெளியே போன இளைஞர்களிடம் வருவோம்.

நம் சொற்களையே கவனியுங்கள். பிரைட்டனில் இருக்கும் நம் நண்பர் 'அயலகத் தமிழர்'. ஜனவரி 12ஆம் நாளை அரசு அவருக்காகக் கொண்டாடுகிறது. அசாமிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ எண்ணூருக்கு வந்தவன் அலுவலகத் தாளில் 'புலம்பெயர் தொழிலாளி', தெருவில் 'வடக்கன்'. முன்னவருக்கு நடப்பது அனுபவம், பின்னவனுக்கு நடப்பது பிரச்சினை. முன்னவர் வழி தவறினால் கட்டுரை. பின்னவன் வழி தவறி ஒரு தெருவில் நின்றால் அவனைச் சுற்றிக் கூட்டம் சேருகிறது.

2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்கள் இங்கே தாக்கப்படுவதாகப் பொய்யான காணொளிகள் பரவியபோது, பலர் அஞ்சி ஊருக்கு ரயில் ஏறினார்கள். காணொளிகள் பொய் என்று அரசும் காவல்துறையும் விளக்கின. அவை பொய்தான். ஆனால் அந்தப் பொய்யை அவர்கள் ஏன் அவ்வளவு எளிதாக நம்பினார்கள் என்று நாம் நம்மையே கேட்டுக்கொள்ளவில்லை.

2025 செப்டம்பர் 30ஆம் நாள், எண்ணூர்ப் பகுதியில் கட்டுமானத்தில் இருந்த அனல்மின் நிலையத்தில் சாரம் சரிந்து ஒன்பது தொழிலாளர்கள் இறந்தார்கள். பெரும்பாலோர் அசாமைச் சேர்ந்தவர்கள். மறுநாள் பத்திரிகைகளில் பெயர்ப்பட்டியல் வந்தது. இந்தக் கடற்கரையில் அவர்கள் எழுத்தில் இடம்பெற்றது அன்றுதான். மசூலா படகோட்டிக்கு அந்தப் பட்டியல்கூட இல்லை என்பது வேண்டுமானால் ஓர் ஆறுதல். அந்த ஒன்பது பேருக்கும் கடலை முதன்முதலில் பார்த்த நாள் ஒன்று இருந்திருக்கும். அதை இனி யாரும் எழுத முடியாது.

எங்களில் இருவர், அதன்பின் ஒரு ஞாயிற்றுக்கிழமை கத்திவாக்கத்தில் ஒரு தேநீர்க் கடையில், அசாமிலிருந்து வந்த ஓர் இளைஞரோடு பேசிக்கொண்டிருந்தோம். எங்களில் ஒருவருக்கு இந்தி தெரியும். விபத்தைப் பற்றிக் கேட்பதற்காகப் போகவில்லை. அவருடைய முதல் மாதத்தைப் பற்றிக் கேட்டோம். முதலில் சந்தேகமாகப் பார்த்தவர் பிறகு உற்சாகமாகிவிட்டார். பிரம்மபுத்திரையை ஒட்டிய ஊர் அவருடையது. அவ்வளவு பெரிய ஆற்றைப் பார்த்தவருக்குக் கடல் பெரிதாகத் தெரியவில்லையாம். இரவில்கூட அது பேசாமல் இருப்பதில்லை என்பதுதான் வியப்பாக இருந்ததாம். முதல் வாரம் உறங்கவில்லை. அவர் ஊரில் தக்காளியோ எலுமிச்சையோ சேர்த்துப் புளிப்பாக வைக்கும் மீன்குழம்பு உண்டு, டெங்கா என்பார்கள். காசிமேட்டு மீனில் அதை வைத்துப் பார்த்தார்கள், வாய்க்கவில்லை. கடல் மீனுக்கு ஆற்று மீனின் குணம் வராது என்று ஒரு சமையற்கலைஞரின் வருத்தத்தோடு சொன்னார். பிரைட்டன் நண்பர் சங்கரா மீன் கிடைக்காமல் ஏதோ ஒரு வெள்ளை மீனில் புளிக்குழம்பு வைத்துத் தோற்ற கதையை எங்களுக்கு எழுதியிருந்தார். அதே கதை, அதே வருத்தம்.

"தமிழ்ல முதல்ல கத்துக்கிட்ட வார்த்தை எது?" என்று கேட்டோம். இந்தியில் பேசிக்கொண்டிருந்தவர் பளிச்சென்று தமிழில் சொன்னார்: "சில்லறை இல்ல." பேருந்தில், மளிகைக் கடையில், தேநீர்க் கடையில் என எல்லா இடத்திலும் முதல் மூன்று நாட்கள் அதையே கேட்டாராம். அது ஏதோ வணக்கம் சொல்வது போலிருக்கிறது என்று எண்ணி, ஒருநாள் மேற்பார்வையாளரைப் பார்த்துக் கைகூப்பி, "சில்லறை இல்ல" என்றிருக்கிறார். கடைக்காரரும் சேர்ந்து சிரித்தார்.

*

இந்தக் கட்டுரையை எழுதத் தொடங்கியபோது எங்களுக்குள்ளேயே இரண்டு மறுப்புகள் எழுந்தன. இரண்டும் பொருட்படுத்தத் தக்கவை.

ஒன்று: உயிர் போகிற வேலையில் இருப்பவனிடம் போய் வேடிக்கைக் கதை கேட்பது இரக்கமின்மை இல்லையா? கூலி, பாதுகாப்பு, தங்குமிடம் பற்றி அல்லவா கேட்க வேண்டும்? கேட்கத்தான் வேண்டும். தொழிற்சங்கமும் பத்திரிகையும் அதைக் கேட்பது நம் எழுத்தைவிட முக்கியம். ஆனால் ஒருவனைத் துயரத்தின் பொருட்டு மட்டுமே நாம் அறிந்திருந்தால் அவன் நமக்கு அண்டைவீட்டான் ஆகமாட்டான். நம்மைப் பார்த்து அவன் சிரிக்கவும், நம் பழக்கங்களை விசித்திரம் என்று சொல்லவும் உரிமை கிடைக்கும்போதுதான் அது நடக்கும். மெய்ட்லண்ட் அம்மையார் நம் முன்னோரைக் கிண்டல் செய்தார், நாம் இன்று ரசித்துப் படிக்கிறோம். அந்த உரிமையை அசாம் இளைஞருக்கு ஏன் மறுக்க வேண்டும்?

இரண்டாவது மறுப்பு எங்கள் மூத்தவரிடமிருந்தே வந்தது. கேள்வி கேட்டவரே மறுப்பும் சொன்னார். அவருடைய மைத்துனர் குடும்பம் எண்ணூர் முகத்துவாரத்தில் இறால் பிடித்து வாழ்ந்தது. "கரையும் போச்சு, ஆறும் போச்சு. சரி, கம்பெனில வேலையாவது குடுன்னா, அதுக்கும் வெளியூர்லேர்ந்து ஆள் கொண்டாறான். அவன் கதையைக் கேளுன்னு நீங்க சொல்றீங்க. இவன் கதையை யாருப்பா கேட்டாங்க?"

இதற்கு எங்களிடம் சுலபமான பதில் இல்லை. 2017 ஜனவரியில் எண்ணூருக்கு அப்பால் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது வாளியால் அள்ளிய கரை இது. 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெய் கழிமுகத்தில் பரவி, வலையும் படகும் கறுத்த கரை. அதே மாதக் கடைசியில் அம்மோனியா கசிந்து நள்ளிரவில் மக்கள் தெருவுக்கு ஓடிவந்த கரை. இவ்வளவையும் தாங்கியவனிடம் போய் விருந்தோம்பலைப் பற்றிப் பாடம் நடத்துவது அநாகரிகம். மூத்தவரின் கோபம் நியாயமானது. ஆனால் அந்தக் கோபம் போய்ச் சேரும் முகவரி தேநீர்க் கடையில் நிற்கும் இளைஞன் இல்லை. உள்ளூர்க்காரனுக்கு உரிமையும் வெளியூர்க்காரனுக்குப் பாதுகாப்பும் கொடுக்காமல் இருவரையும் மலிவாக வைத்திருக்கும் ஒப்பந்த முறைக்கு அது போக வேண்டும். இருவரின் கதையையும் அருகருகே வைத்துப் படித்தால் இது தானே விளங்கும். ஆகவே அவருக்கு நாங்கள் சொன்னது இதுதான்: அண்ணே, இரண்டையும் கேட்போம். உங்கள் மைத்துனரிடமிருந்தே தொடங்குவோம்.

*

கடைசியாக, மீண்டும் பிரைட்டன். அந்த நகரத்திடமிருந்து கற்க இரண்டு செய்திகள் இருக்கின்றன.

பாட்னாவில் பிறந்த தீன் முகமது 1794இல் தன் பயணத்தை ஆங்கிலத்தில் நூலாக எழுதியவர். இந்தியர் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்ட முதல் நூல் அது. பின்னாளில் பிரைட்டனில் நீராவிக் குளியலும் எண்ணெய் தேய்ப்பும் நடத்தி இரண்டு மன்னர்களுக்குச் சேவை செய்தார். அவர் எழுதியதால் இருக்கிறார்.

முதல் உலகப் போரின்போது, 1914 முதல் 1916 வரை, அந்த நகரின் அரண்மனை காயம்பட்ட இந்தியச் சிப்பாய்களுக்கு மருத்துவமனையாக இருந்தது. அங்கே இறந்த இந்து, சீக்கியச் சிப்பாய்களை எரித்த குன்றில் 1921இல் வெண்பளிங்குச் சத்திரி ஒன்று எழுப்பினார்கள். நம் நண்பர் அங்கே போய்வந்து அரைப்பக்கம் எழுதியிருந்தார். அந்தச் சிப்பாய்கள் ஊருக்கு அனுப்பிய கடிதங்களில் பல இன்று நமக்குப் படிக்கக் கிடைக்கின்றன. குளிர், கடைத்தெரு, ஆங்கிலப் பெண்கள், அரண்மனையின் விளக்குகள் என்று அவையும் அயலூர் வாழ்க்கையின் அன்றாடச் சாகசங்கள்தாம். அவை எப்படிப் பிழைத்தன தெரியுமா? தணிக்கை அதிகாரிகள் சந்தேகத்தின் பேரில் பிரித்துப் படித்து, மொழிபெயர்த்து, கோப்பில் வைத்ததால். சந்தேகப்பட்டவன்கூடப் பாதுகாத்து வைத்தான். நாம் அவ்வளவும் செய்யவில்லை.

ஆகவே எங்கள் கோரிக்கை எளியது. பர்மா நகரில் உங்களுக்குத் தெரிந்த முதியவர் இருந்தால் அவருடைய முதல் வாரத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் தெருவில் கட்டடம் கட்டுகிறவர்களிடம் ஊரைப் பற்றிக் கேட்பதோடு நிறுத்தாமல், நம் ஊரைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்றும் கேளுங்கள். அவர்கள் சொல்வதை நம் அழகுத் தமிழில் பூசி மெழுகாமல் சொன்னபடி வையுங்கள். அவர்களே எழுதினால் இன்னும் நல்லது, மொழிபெயர்க்க ஆள் தேடுவோம். காசிமேட்டிலும் முகத்துவாரத்திலும் இருப்பவர்கள், வந்தவர்களைப் பார்த்த கதையையும் சேர்ப்போம். பிரைட்டன் கடிதங்கள் தொடர்ந்து வரட்டும். நாங்கள் சிரித்துக்கொண்டே படிப்போம்.

கத்திவாக்கத்துத் தேநீர்க் கடையில் அன்று விடைபெறும் நேரம், அந்த இளைஞர் கைபேசியை எடுத்து அம்மாவுக்கு ஒரு குரல்செய்தி பதிந்தார். வாரம் ஒன்று அனுப்புவாராம். நாங்கள் எழுந்து நிற்பதா உட்காருவதா என்று தெரியாமல் பக்கத்திலேயே இருந்தோம். மூன்று நான்கு நிமிடம் பேசினார். அசாமிய மொழி, இந்தி தெரிந்த நண்பருக்கும் பிடிபடவில்லை. நடுவில் ஒரே ஓர் இடத்தில் "சில்லறை இல்ல" என்று வந்தது. அதைச் சொல்லிவிட்டு எங்களைப் பார்த்துச் சிரித்தார், பிறகு பேச்சைத் தொடர்ந்தார்.